உங்களுக்குத் தெரியுமா? தொட்டிப் பாசியும் தாமிரபரணித் தண்ணீரும்

★ இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். வீட்டில் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இந்த அளவுத் தொட்டிதான். இதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? கணக்குப்படி 56 லிட்டர். அடியில் மணல், நாலைந்து கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக மிஞ்சுவது 45 லிட்டர், அதாவது மூன்று குடம். மீன் மூச்சுவிடுவதும் தின்பதும் கழிப்பதும் அந்த மூன்று குடத்துக்குள்தான். ‘தொட்டியெல்லாம் பாசி பிடிக்கிறது, என்ன மருந்து போடலாம்?’ என்று கேட்கிற வீடுகளில் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது மீன்களை.

★ மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். மூன்று சென்டிமீட்டரில் வாங்கிவரும் தங்கமீன் குஞ்சு பன்னிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தால், நீளம் நாலு மடங்கு, எடை ஏறக்குறைய 64 மடங்கு. கழிவும் அதற்கேற்பக் கூடும். ‘ஓர் அங்குல மீனுக்கு இத்தனை லிட்டர்’ என்ற வாய்ப்பாடு சின்ன மீன்களுக்கு மட்டும் ஓரளவு பொருந்துவது இதனால்தான். நன்றாக வளர்ந்த தங்கமீன் 20 சென்டிமீட்டரைத் தாண்டும். அதை மூன்று குடம் தண்ணீரில் வைப்பது அந்த மீனுக்குச் செய்யும் கொடுமை.

★ ஒரு கிராம் தீவனம் தண்ணீரில் என்ன ஆகிறது? 40 சதவீதம் புரதம் உள்ள தீவனம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிராமில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. மீன் தன் உடம்புக்கு எடுத்துக்கொள்வது சிறு பங்கு. மீதி செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவாக வெளியேறி, கடைசியில் நைட்ரேட் ஆகிறது. ஐம்பது லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் தீவனம், லிட்டருக்குச் சுமார் 4 மில்லிகிராம் நைட்ரேட்டைச் சேர்க்கும்.

இனி வாரக் கணக்கைப் பாருங்கள். தினம் அரை கிராம் போட்டால், லிட்டருக்கு வாரம் 14 மில்லிகிராம் கூடும். வாரம் ஒருமுறை 30 சதவீதம் தண்ணீர் மாற்றினாலும், சில மாதங்களில் நைட்ரேட் 45-ஐ ஒட்டிப் போய் நிற்கும். அதற்குமேல் ஏறாது, இறங்கவும் செய்யாது. தீவனத்தைப் பாதியாக்கினால், அதே அளவு தண்ணீர் மாற்றத்தில் அது 23 அளவிலேயே நின்றுவிடும். செடிகள் உறிஞ்சுவதைக் கழிக்காமல் போட்ட கணக்கு இது. பாசியைக் குறைக்க எந்தப் புட்டியும் இந்த அளவுக்கு உதவாது.

★ பாபநாசம் கோயில் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போடாமல் வருகிறவர்கள் குறைவு. கை நீட்டினாலே கூட்டமாக மொய்க்கும் அந்த மீன்களைப் பார்த்த பழக்கத்தில்தான் வீட்டுத் தொட்டியிலும் மீன் மேலே வந்தால் பசி என்று எண்ணிவிடுகிறோம். மீன் பசிக்காகத்தான் மேலே வர வேண்டும் என்றில்லை. தீவனம் போடும் கையைப் பழகிக்கொண்டும் வரும், மூச்சுத் திணறியும் வரும். படித்துறையில் போட்டதை ஓடுகிற ஆறு கொண்டுபோகிறது. தொட்டியில் போட்டது தொட்டியிலேயே கிடக்கும். வளர்ந்த மீனுக்கு நாளுக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் கெடுதல் இல்லை.

★ 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் 9.1 மில்லிகிராம். 30 டிகிரியில் அது 7.6. நெல்லையில் சித்திரை வெயிலில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டித் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் பத்து டிகிரி சூடானால் மீன் உடம்பின் ஆக்சிஜன் தேவையோ ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வரவு குறைகிற நேரத்தில் செலவு கூடுகிறது. கார்த்திகை மார்கழியில் பிழைத்துக்கிடந்த நெரிசல் தொட்டி வைகாசியில் ஒரே இரவில் காலியாவதற்குக் காரணம் இதுதான். கண் திருஷ்டி இல்லை.

★ செடி நிறைந்த தொட்டியில் மீன்கள் அதிகம் திணறும் நேரம் விடியற்காலை. விளக்கு எரியும்வரை செடி ஆக்சிஜனை வெளிவிடும். அணைந்தபின் செடி, பாசி, மீன், பாக்டீரியா எல்லாமே ஆக்சிஜனை எடுப்பவைதான். உங்கள் தொட்டியில் மீன் அளவுக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவியும் வேண்டாம்: காலையில் விளக்குப் போடுவதற்குமுன் போய்ப் பாருங்கள். மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

★ தாமிரபரணித் தண்ணீரும் நெல்லையின் போர்த் தண்ணீரும் மீனுக்கு ஒன்றல்ல. பொதிகையில் பிறந்து கெட்டியான பழம்பாறைகள்மேல் வழிந்துவரும் ஆற்றுநீரில் உப்பும் சுண்ணாம்பும் குறைவு. ஆற்றைவிட்டு விலகிப் போகப்போக நிலத்தடி நீரின் கடினத்தன்மை கூடுகிறது. தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் கிடைப்பதால்தான் இந்தியா சிமெண்ட்ஸ் தன் முதல் ஆலையை அங்கே, இன்றைய சங்கர் நகரில் நிறுவி 1949-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அப்படிப்பட்ட தரையில் போட்ட போரில் மென்மையான தண்ணீரை எதிர்பார்க்க முடியாது.

இதற்கும் மீன் நெரிசலுக்கும் என்ன தொடர்பு? அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று நஞ்சு, மற்றது அவ்வளவு தீங்கில்லாதது. கார அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-ல், 25 டிகிரி வெப்பத்தில், நஞ்சு வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் நூற்றில் ஐந்து பங்கு. வெப்பம் 30 ஆனால் ஏழு பங்குக்கு மேல். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் உள்ள வீட்டில் தாக்குப்பிடித்த அதே இருபது மீன், காரம் கூடிய போர்த் தண்ணீரில் தாக்குப்பிடிக்காமல் போவதன் ரகசியம் இந்த எண்களுக்குள் இருக்கிறது.

★ மணப்பாட்டிலோ திருச்செந்தூரிலோ பொறுக்கிவந்த சிப்பியும் சங்கும் தொட்டிக்கு அழகுதான். ஆனால் அவை முழுக்கச் சுண்ணாம்பு. மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். வெள்ளைக் கல் எதையும் போடுவதற்குமுன் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல்.

★ மாநகராட்சிக் குழாயில் வருவது ஆற்றின் உறைகிணறுகளில் எடுத்துக் குளோரின் கலந்த தண்ணீர். அதை அப்படியே தொட்டியில் ஊற்றினால் மீனின் செவுள் எரியும். வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்துவைத்தால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் சொட்டு கிடைக்கிறது. பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவுவதும் தவறு. கழிவைத் தின்னும் பாக்டீரியா குடியிருப்பது அந்தப் பஞ்சில்தான். குளோரின் அதையும் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும்.

★ அந்தப் பாக்டீரியா புதுத் தொட்டியில் பெருகி வேலைக்கு வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முன்னிரண்டும் மீனுக்கு நஞ்சு. ஞாயிற்றுக்கிழமை தொட்டி வாங்கி அன்று சாயங்காலமே பதினைந்து மீனை விட்டால், அடுத்த ஞாயிறு எத்தனை மிஞ்சும் என்று சொல்ல முடியாது. பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு பிடி அழுக்குப் பஞ்சு கேட்டு வாங்கிப் போடுங்கள். காத்திருப்பு பாதியாகக் குறையலாம்.

★ நெல்லை இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது டிகிரிக்கும் குறைவான தொலைவில். ஆகையால் ஆனிக்கும் மார்கழிக்கும் பகல் நீளத்தில் வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம் மட்டுமே. ஆண்டு முழுக்கப் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டிய பகல். ஜன்னலோரத் தொட்டி பாசிப் பண்ணையாவதற்கு இந்த வெளிச்சம் தாராளம். வடக்கு ஐரோப்பாவில் எழுதப்பட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு ‘கொஞ்சம் ஜன்னல் வெளிச்சம் நல்லது’ என்று நம்மூரில் வைத்தால் பச்சைக்குழம்புதான் கிடைக்கும். வெயில் படாத சுவரோரம் வைத்து, எல்.இ.டி. விளக்கை டைமரில் போட்டு, நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். டைமரின் விலை, பாசிக்கொல்லி மருந்துகளுக்குச் செலவழிப்பதைவிடக் குறைவு.

★ மலைமேல் அடர்ந்த காட்டு நிழலில் ஓடும் ஓடைகளில் பாறைகள் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். காட்டைவிட்டு வெளியே வந்து வெயிலில் விரியும் இடத்தில் பாறை வழுக்கத் தொடங்கும். கீழே வர வர வயல் உரமும் ஊர்ச் சாக்கடையும் சேர, தேங்குமிடமெல்லாம் பச்சை. வெளிச்சம், உணவு, ஓட்டம் என்ற மூன்றை வைத்துத்தான் ஆற்றிலும் பாசி வளர்கிறது, தொட்டியிலும் வளர்கிறது.

★ புதுத் தொட்டியில் இரண்டாம் மூன்றாம் வாரம் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்பு மாவு படிகிறதா? பயப்படாதீர்கள். அது டயாட்டம், கண்ணாடிக்கு மூலமான சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் நுண்ணுயிர். துடைத்தால் வந்துவிடும். சில வாரத்தில் தானே போய்விடும்.

★ இலை ஓரத்தில் கருந்தாடி மாதிரி முளைத்து, பிய்த்தாலும் வராத பாசி ஒன்று உண்டு. கறுப்பாகத் தெரிந்தாலும் அது சிவப்புப் பாசிக் குடும்பம். சாராயத்தில் போட்டு வைத்தால் பச்சையம் கரைந்துபோய் உள்ளே இருக்கும் சிவப்பு தெரியும். கார்பன் டை ஆக்சைடு அளவு ஏறி இறங்கும் தொட்டியிலும், கழிவு தங்கிய தொட்டியிலும் இது வேர்பிடிக்கும். ‘திரவ கார்பன்’ என்று கடையில் விற்கும் குளூட்டரால்டிஹைடு இதைக் கொல்லும். ஆனால் நாடாப் புல் போன்ற வாலிஸ்னேரியாவையும் சேர்த்து உருக்கிவிடும். இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். பாசி ஏறிய இலையை அடியோடு வெட்டி எறிவதே எளிது.

★ மணல்மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்து, தொட்டால் தோலாக உரிந்து, மண் வாடை வீசும் நீலப்பச்சைப் பாசி உண்மையில் பாசியே இல்லை, அது பாக்டீரியா. நெல் விவசாயிக்கு இது பழைய நண்பன். பிசான நடவிலும் கார் நடவிலும் உயிர் உரமாக வயலில் இடும் நீலப்பச்சைப் பாசி இதன் உறவுதான். அசோலா இலைக்குள் குடியிருந்து காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதும் இதே குலம். வயலில் ஏக்கருக்கு உரம் மிச்சப்படுத்துவது, தொட்டியில் செடியின் கழுத்தை நெரிக்கிறது.

இதை விரட்ட ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும்; மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகும் வாய்ப்பும் வரும். கையால் முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிட்டு, விளக்கை அணைத்து, தொட்டியைக் கம்பளியால் மூடி மூன்று நாள் இருட்டில் வையுங்கள். ஏர் பம்ப் ஓடட்டும். தீவனம் வேண்டாம். திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீர் ஓட்டம் போகாத மூலையில்தான் இது மறுபடி வரும்; பில்டர் வாயை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

★ தண்ணீரே பச்சையாகிவிட்டால் மீனுக்கு உடனே ஆபத்து இல்லை. மீன் குஞ்சு வளர்ப்பவர்கள் அந்தப் பச்சைத் தண்ணீரை விரும்பித் தயாரிக்கிறார்கள். குஞ்சுக்கு உணவாகும் நுண்ணுயிர்கள் அதில்தான் பெருகும். வீட்டில் அழகுக்கு வைத்திருந்தால் மேலே சொன்ன இருட்டு வைத்தியமே இதற்கும்.

★ ‘டேங்க் கிளீனர்’ என்று கடையில் தரும் சக்கர் மீன் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்பது பாதி உண்மைகூட இல்லை. விரல் நீளத்தில் வரும் அந்தத் தென்னமெரிக்க மீன் 40 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். சிறு வயதில் பாசி சுரண்டும். வளர வளரத் தீவனத்துக்கு மாறும். அது கழிப்பதோ தொட்டியிலேயே அதிகம். பாசிக்கு வைத்தியமாக வாங்கிய மீன் பாசிக்கு உரம் போடும். பெரிதானதும் வைக்க இடமில்லாமல் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நீர்நிலைகளில் அது பெருகிக் கிடப்பது அப்படி வந்ததுதான். கரையைத் துளைத்து முட்டையிடும். முள்ளால் மீனவர் வலையைக் கிழிக்கும். பிடித்தாலும் வாங்க ஆளில்லை.

★ பாசி தின்னும் மீன் நம் மலையிலேயே உண்டு. களக்காட்டின் பெயரையே தாங்கிய காரா களக்காடென்சிஸ், 1993-ல் அறிவியலுக்கு அறிமுகமானது. உதட்டால் பாறையைப் பற்றிக்கொண்டு, அடித்து ஓடும் தண்ணீரிலும் நகராமல், பாறைமேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த ஓட்டம் இல்லாமல் அந்த வகை வாழாது. அது வாழும் இடம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்; 1988-ல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அங்கிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது, மீனை எடுப்பது குற்றம்.

★ தாமிரபரணியின் பெயர் சூட்டப்பட்ட மீன் ஒன்றல்ல. மிக அழகானது டாக்கின்சியா தாம்ப்ரபர்னியை என்னும் கெண்டை. 1954-ல் இ.ஜி. சைலஸ் இந்த ஆற்றிலிருந்து அதை விவரித்தார். ஆண் மீனின் முதுகுத் துடுப்பில் நூல் நூலாக இழைகள் நீண்டிருக்கும். வெள்ளி உடம்பில் கருந்திட்டுகள். 2012-ல் ரோகன் பெத்தியாகொடவும் உடன் ஆய்வாளர்களும் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸின் பெயரில் புதுப் பேரினம் வகுத்து அதில் இதைச் சேர்த்தார்கள். ஏ.ஜி.கே. மேனன் 1987-ல் விவரித்த அயிரை வகை ஒன்றும் இந்த ஆற்றின் பெயரையே தாங்குகிறது.

அந்தக் கெண்டை உலகப் பட்டியலில் அழியும் ஆபத்தில் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. வேறெங்கும் இல்லாத ஒரு மீன் நம் வீட்டுப் பின்புறம் ஓடும் ஆற்றில் இருக்கும்போது, நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த மீன் பெயரெல்லாம் டெட்ரா, மோலி, ஏஞ்சல் என்று இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. பிடித்துவந்து தொட்டியில் போடச் சொல்லவில்லை. அது பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து கூட்டமாக நீந்தும் மீன். இரண்டடித் தொட்டி அதற்கு வீடாகாது. படமாவது பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

★ ஆற்றில் வேறு மீனை விடாமலிருப்பதும் அந்தக் கெண்டைக்குச் செய்யும் உதவி. வளர்க்க முடியாமல் போன கப்பியையும் சக்கர் மீனையும் ‘உயிரைக் கொல்லக் கூடாது’ என்ற நல்ல மனத்தோடு குறுக்குத்துறைப் படியில் விடுகிறவர்கள், அங்கே ஏற்கெனவே இருக்கும் உயிர்களை நினைத்துக்கொள்ள வேண்டும். மீன் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். உயிருள்ள மீனைத் திரும்ப எடுத்துக்கொள்கிற கடைகள் உண்டு.

★ கப்பி மாதத்துக்கு ஒருமுறை குஞ்சு போடும், ஒரு தடவைக்கு இருபது முப்பது என்று. ஒருமுறை இணைந்த பெண் மீன் ஆணின் விந்தை உடம்பில் சேமித்துவைத்து, ஆணே இல்லாமல் பல மாதம் குஞ்சு போடவும் வல்லது. ‘ஒரு ஜோடி கொடுங்க’ என்று வாங்கியவர் வீட்டில் தீபாவளிக்கு வாங்கியது பொங்கலுக்குள் நூறாகும். ஆண் கப்பிகள் மட்டும் ஆறு வாங்குங்கள். நிறமும் அவற்றுக்குத்தான்.

★ நத்தை பெருகினால் நத்தையைத் திட்டுகிறோம். தொட்டியில் மிச்சத் தீவனம் கிடக்கிறது என்பதைச் சொல்லத்தான் அது பெருகுகிறது. தீவனத்தைக் குறைத்தால் தானே குறையும். மணலுக்குள் துளைத்துப் போகும் கூம்பு நத்தை நம் குளம் குட்டைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. மணலைக் கிளறிவிட்டு அழுகாமல் காப்பாற்றும்.

நத்தையின் பெருமையை முதலில் கண்டவர் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். தண்ணீரை அடிக்கடி மாற்றாமல் தங்கமீனையும் வாலிஸ்னேரியாவையும் ஒரு கண்ணாடிக் கலத்தில் வளர்த்துப் பார்த்தார். அழுகும் இலையும் வழவழப்பான பாசியும் தண்ணீரைக் கலங்கடித்தன. குளத்து நத்தை சிலவற்றை விட்டதும் தண்ணீர் தெளிந்தது. 1850-ல் அவர் அதை வெளியிட்டார். மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றுக்கொன்று ஆதாரம் என்று அன்றைக்கே காட்டியாகிவிட்டது. அவர் அந்தக் கலத்தில் வைத்தது இரண்டே இரண்டு தங்கமீன்.

★ செடித்தொட்டிக் கலையை உலகெங்கும் பரப்பிய ஜப்பானியர் தகாஷி அமானோ (1954–2015) பாசிக்கு மருந்தைவிட இறாலை நம்பினார். அவர் பரப்பிய சிற்றிறால் இன்று அவர் பெயராலேயே விற்கப்படுகிறது. அதன் குஞ்சு வளர உவர்நீர் வேண்டும் என்பதால் வீட்டு நன்னீர்த் தொட்டியில் பெருகாது. நெரிசலுக்கு அஞ்சுகிறவர்களுக்கு ஏற்ற உயிர்.

★ பாசியை வெல்வது செடிதான், ஆனால் தொடக்கத்திலேயே நிறைய நட வேண்டும். ஒரு மூலையில் இரண்டு கொத்து நட்டுவிட்டு எட்டு மணி நேரம் விளக்குப் போட்டால் மிச்ச வெளிச்சமும் மிச்ச உணவும் பாசிக்குப் போகும். நீர்ச்செடிகளில் பல, நைட்ரேட்டைவிட அம்மோனியாவை முதலில் உறிஞ்சும். மீன் கழிவை நேரடியாகத் தின்று தீர்ப்பவை அவை. வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா இரண்டும் நம் குளத்திலும் வாய்க்காலிலும் வளர்பவை. கடினத் தண்ணீரையும் தாங்கும். தென்னிந்திய நீரோரங்களில் இயல்பாக வளரும் கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸ் மெதுவாக வளரும், குறைந்த வெளிச்சம் போதும். நட்ட சில நாளில் இலையெல்லாம் கரைந்தால் பிடுங்கி எறிய வேண்டாம். வேர் பிழைத்திருக்கும், புது இலை வரும்.

★ தண்ணீருக்குள் கார்பன் டை ஆக்சைடு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. அமிழ்ந்த செடிக்கு இது பெரிய தடை. மிதக்கும் செடிக்குத் தடையே இல்லை. இலை காற்றில், வேர் தண்ணீரில். அதனால்தான் மிதக்கும் செடி கழிவை வெகுவேகமாக உறிஞ்சும், தொட்டிக்கு நிழலும் தரும். மேற்பரப்பில் பாதிக்கு மேல் மூடவிடாமல் வாராவாரம் அள்ளி எறிந்தால், அள்ளிய ஒவ்வொரு பிடியோடும் நைட்ரேட்டும் வெளியேறுகிறது.

★ ஆனால் அமலைச்செடியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஊதாப்பூ பூக்கும் அந்த அமேசான் செடி சாதகமான தண்ணீரில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பகுதியில் தண்ணீர் தெரியாமல் ஆற்றை மூடிக்கிடப்பது அதுதான். பொக்லைன் விட்டு அள்ளுகிறார்கள், மறுபடி வளர்கிறது. ஊர்க் கழிவு ஆற்றில் கலக்கும்வரை வளர்ந்துகொண்டேதான் இருக்கும். தீவனத்தைக் குறைக்காமல் கண்ணாடியை மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கும் தொட்டிக்காரரும், சாக்கடையை நிறுத்தாமல் அமலையை மட்டும் அள்ளும் ஊரும் செய்வது ஒரே வேலை.

★ பனையேறிக் கெண்டை காற்றையே மூச்சாக இழுக்கும். 1791-ல் தரங்கம்பாடியில் டேனிஷ் படை அதிகாரி டால்டோர்ஃப், இந்த மீன் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதிவைத்தார். கடையில் குட்டிக் கிண்ணத்தில் அடைத்து விற்கும் ஃபைட்டர் மீனுக்கும் இதே போன்ற சுவாச அமைப்பு உண்டு. மூச்சு முட்டாது என்பது மட்டுமே அதற்கு வசதி; தன் கழிவின் அம்மோனியா அதையும் எரிக்கும். கிண்ணத்தில் அது வாழவில்லை, சாவைத் தள்ளிப்போடுகிறது. பதினைந்து இருபது லிட்டராவது கொடுங்கள்.

★ 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் போனால் முதலில் சாவது நெரிசலான தொட்டி. பில்டர் நின்ற சில மணி நேரத்திலேயே மூடிய பில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா இறக்கத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிட்டால் உள்ளே அழுகியதெல்லாம் தொட்டிக்குள் வரும். கழற்றிக் கழுவிவிட்டுப் போடுங்கள். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். தீவனம் அறவே கூடாது. எட்டு மீன் இருக்கும் தொட்டி இரண்டு நாள் தாங்கும். முப்பது மீன் இருப்பது ஓர் இரவைத் தாங்குவதே கடினம்.

★ அப்படியானால் 45 லிட்டர் தண்ணீரில் எத்தனை மீன்தான் விடலாம்? என் கணக்கு இது. நாலு சென்டிமீட்டருக்கு மேல் வளராத டெட்ராவோ ராஸ்போராவோ எட்டு, நத்தை சில, இறால் சில. அல்லது ஒரு ஃபைட்டரும் இறாலும். அல்லது ஆண் கப்பி ஆறு. செடி நிறைய இருந்து, ஆறு மாதம் பாசியில்லாமல் ஓடினால் இன்னும் இரண்டு சேர்க்கலாம். கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை.

★ நாங்குநேரி வட்டாரத்துக் கூந்தன்குளத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து தங்கும். எச்சம் விழுந்து செழித்த குளத்து வண்டலைக் கோடையில் அள்ளி வயலுக்கு உரமாகப் போடுவது அந்த ஊர் வழக்கம். உங்கள் தொட்டியிலிருந்து வாரம் எடுக்கும் பதினைந்து லிட்டர் அழுக்குத் தண்ணீரிலும் அதே நைட்ரஜன்தான், அதே பாஸ்பரஸ்தான். மருந்து கலக்காத தண்ணீராக இருந்தால் சாக்கடையில் கொட்டாமல் பிச்சிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள். மணலுக்குள் குழாயை விட்டு உறிஞ்சும் அடிக்கழிவில் சத்து இன்னும் அதிகம், அதை வேரிலிருந்து ஒரு சாண் தள்ளி விடவும்.